மாட்டுக்குச் சொன்னது

மாடு என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கொம்பும் இல்லை, வாலும் இல்லை. இரண்டு காதுகள். ஒரு காது அடுப்பெரியும் குசினிப் பக்கம் திரும்பியிருக்கும், மற்றது கிணற்றடிப் பக்கம். குசினி வாசலில் மாமி, என் கணவரின் தாய், நிற்பார். கிணற்றடியில் நான் நிற்பேன். நடுவே கொட்டிலுக்குள் அது அசைபோட்டபடி எங்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு நிற்கும். மார்கழி விடியலில் பனியும் அடுப்புப் புகையும் கலந்து முற்றத்தை மூடியிருக்கும்போது மாட்டின் உடம்பு தெரியாது. அந்தக் காதுகள் மட்டும் புகைக்குள் மெல்ல அசையும். நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடக்கிற சில காலைகளில் இப்போதும் அவை எனக்கு முன்னால் அசைகின்றன.

நான் பிறந்து வளர்ந்தது கொழும்புத்துறையில். அப்பாவுக்குத் தொழில் கடலில். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் நாங்கள் மாடு, கூடக் கோபம் வந்தால் எருமை மாடு. பெருநாளுக்குச் சந்தையிலிருந்து இறைச்சி வரும். அன்று முழுக்க அந்தச் சொல் மிளகும் கறுவாவும் மணக்கும். பிறகு நத்தாருக்கு எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கட்டும் பாலன் குடிலுக்குள் ஒரு மண் மாடு படுத்திருக்கும். அதன் ஒரு கொம்பு நான் பிறக்க முதலே உடைந்துபோனது. பாலனைப் பார்க்க எல்லோரும் முண்டியடிக்கும்போது நான் அந்த ஒற்றைக் கொம்பைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிள்ளையின் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்க அதற்கு அனுமதி இருந்தது. அது எனக்குப் பெரிய பாக்கியமாகத் தெரிந்தது.

என் கணவர் கொக்குவில்காரர். பட்டணத்தில் ஒரு தட்டெழுத்து வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெசினில் இருந்தோம், அவ்வளவுதான் கதை. அவருக்குத் தமிழ் வாத்தியார் வேலை கிடைத்ததும் என்னைக் கட்டப்போவதாக வீட்டில் சொன்னார். மாமி சைவம், ஆசாரமான மனிசி, புருசனை இழந்து ஒற்றை மகனை வளர்த்தவர். கடற்கரைப் பெட்டை, அதுவும் வேதக்காரப் பெட்டை. கொஞ்ச நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். மகன் அசையவில்லை. பிறகு ஒருநாள் குளித்து முழுகி, ஒழுங்கை திரும்புகிற முடக்கில் பூவரசமரத்தின் கீழே சூலமாக நிற்கிற வைரவரிடம் போய்க் கற்பூரம் கொளுத்தி, "அந்தப் பெட்டையோடை என்ரை வாயாலை ஒரு சொல்லும் கதையன்" என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தார்.

அந்த வைரவர் துடியானவர் என்பது அயலில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் சொன்னதை மாற்ற யாருக்கும் துணிவு வராது.

தொண்ணூறில், சண்டை மூண்டு மின்சாரம் நின்றுபோன அந்த வருஷம், நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டுக்கே போனோம். மாமியைத் தனிய விடக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. "வந்து இருக்கட்டும். கதைக்கச் சொல்லி மட்டும் என்னைக் கேளாதை" என்று மகனிடம் சொல்லியிருந்தார். நான் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனபோது நான் கால் கழுவத் தண்ணீர்ச் செம்பு வைத்திருந்தது. வைத்தவர் உள்ளே போய்விட்டார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வீட்டில் நகையும் வேண்டியிருக்கவில்லை, இடுப்பில் செருகுகிற திறப்புக் கோர்வையும் வேண்டியிருக்கவில்லை. ஒழுங்கையால் போகிற எல்லாப் பெட்டைகளையும் மாமி "பிள்ளை" என்று கூப்பிடுவார். "எங்கை பிள்ளை போறாய்?", "பிள்ளை, அம்மாவுக்குச் சுகமோ?" அந்தச் சொல்லை அவர் இழுத்துச் சொல்லுகிற விதத்தில் ஒரு குளிர்ச்சி இருக்கும். என்னைப் பார்த்து, எனக்கென்று, ஒரே ஒருதரம் அவர் அப்படிக் கூப்பிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக நான் என்னவும் செய்யத் தயாராக இருந்தேன், எதைச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

முதல் கிழமைகள் நீருக்குள் நடப்பது மாதிரிப் போயின. நான் கேட்பேன், பதில் வராது. தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன். நான் திரும்பிய பிறகு குடிப்பார். இரவில் ஜாம் போத்தல் விளக்கின் மெல்லிய வெளிச்சத்தில் மூன்று பேரும் சாப்பிடுவோம். அவர் மகனோடு கதைப்பார், நான் கணவரோடு கதைப்பேன், கணவர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சோற்றைக் குழைப்பார்.

மீன் தண்ணீரால்தான் அந்த ஊமைக் காலம் முடிந்தது.

மாமி மச்சம் தொடமாட்டார். எங்களுக்கென்று கிணற்றடிக்கு அப்பால் தனி அடுப்பும், வேலியில் கொளுவிய மச்சச் சட்டியும் ஒதுக்கித் தந்திருந்தார். ஒருநாள் என் தம்பி கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான். அந்த மணத்துக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசையாக இருந்து வெட்டிக் கழுவினேன். கழுவின தண்ணீரை, முருங்கையடியில் மாங்காய்த் தோலும் அரிசி கழுவிய தண்ணீரும் கிடந்த வாளிக்குள் ஊற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் கழிவுத் தண்ணீர் என்றால் ஒரே வாளிதான், அதில் என்னவும் போகும். இது மாட்டின் கழுநீர் வாளி என்று எனக்கு எப்படித் தெரியும்? மாடு இருந்த வீட்டில் அதற்கு முதல் நான் ஒரு பகல்கூட இருந்ததில்லை.

பின்னேரம் மாமி வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்கு முன்னால் வைத்தார். அது ஆவலாகத் தலையைக் குனிந்தது. மூக்கு வாளிக்குள் போனதும் ஒரு பெரிய செருமல் செருமித் தலையை அப்படியே மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டது. மாமி குனிந்து மணந்து பார்த்தார். நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இந்த வீட்டை விட்டுப் போகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

மாமி வாளியை வாழையடியில் கவிழ்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பிறகு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, எனக்குக் கேட்கத்தக்க சத்தத்தில் அதனிடம் சொன்னார்:

"நீ ஒண்டும் நினையாதை. உனக்கு வேறை கழுநீர் வைக்கிறன். கடற்கரைப் பக்கத்திலை மாடு வளர்க்கிறேல்லையெல்லோ. தெரியாமல் செய்ததுதானே."

மாட்டின் ஒரு காது என் பக்கம் திரும்பியது. அந்த வீட்டில் எனக்கென்று சொல்லப்பட்ட முதல் வார்த்தைகள் அவை.  பிறகு எனக்கும் எங்கிருந்தோ துணிவு வந்தது.

"மாடு, இனிமேல் அப்பிடி நடவாது எண்டு மாமியிட்டைச் சொல்லு."

மாமி மறுபடி மாட்டின் கழுத்தைத் தடவினார். "சரி" என்றார், மாட்டிடம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாக் கதையும் மாட்டின் வழியாகவே போனது. வைரவருக்குக் கொடுத்த வாக்கும் தப்பவில்லை, வீட்டுக் காரியமும் நின்றுபோகவில்லை. "மாடு, மழை வரப்போகுது, கொடியிலை உடுப்புக் கிடக்குது." "மாடு, கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது." "மாடு, முட்டுக்காய்த் தேங்காய் வேண்டாம், நல்லாய் முத்தினதாய்ப் பாத்துத் துருவச் சொல்லு." நானும் விடுவேனா? "மாடு, மாமியின்ரை மூக்குக்கண்ணாடி அலுமாரிக்கு மேலை கிடக்குது." "மாடு, மாமிக்கு இருமல் கூடிப்போச்சு, பனிக்குள்ளை நிக்க வேண்டாமெண்டு சொல்லு." மாடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கும். வந்த சொல்லை விழுங்கிவிட்டு வைக்கோலை அசைபோடும். பாலுக்குப் போத்தலோடு வருகிற அயல் மனிசி ஒருத்தி, மாட்டுக்கு முன்னால் நின்று நாங்கள் இருவரும் மாறி மாறிப் புளிக்கறிக் கணக்குப் பேசுவதைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அம்மா வைரவரையும் ஏமாத்தேல்லை, உம்மையும் கைவிடேல்லை" என்று கணவர் சிரிப்பார். அவர் தமிழ் வாத்தியார் அல்லவா, மாடு என்றால் பழைய தமிழில் செல்வம் என்றும், பக்கம் என்றும் பொருள் இருக்கிறது என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னார். "பிள்ளையளுக்குப் படிப்பிக்கேக்கை அவங்களைப் பாத்து மாடு எண்டு பேசுறியளே, அதுக்கு எந்தப் பொருள்?" என்று கேட்டேன். அவர் சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலை ஓயாது. பின்னேரம் ஐந்து மணி என்று மாமி சொல்லமாட்டார், "மாடு கட்டுற நேரம்" என்பார். கலியாண வீட்டில் இருக்கப் பிடிக்காவிட்டால் "மாட்டுக்குத் தண்ணி வைக்கோணும்" என்று எழும்பிவிடுவார். செத்த வீட்டிலும் அதே சாட்டுத்தான். அந்தச் சாட்டை யாரும் மறித்ததில்லை. பட்டிப்பொங்கலன்று விடியவே மாட்டை முழுக வார்த்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூமாலை போட்டு, பொங்கலை வாழையிலையில் ஊட்டுவார். அப்போது மட்டும் அதை மாடு என்று கூப்பிடமாட்டார். "வாடி மோனை, வாயைத் திற" என்பார். ஒரு பட்டிப்பொங்கலுக்குக் குங்குமத் தட்டை மாட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மாடு, உனக்குப் பொட்டு வடிவாய்க் கிடக்குது. தட்டிலை இன்னும் மிச்சமிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க மாடும் நானும் ஒரே பொட்டோடு திரிந்தோம். மாமி எங்கள் இருவரையும் ஒருதரம் பார்த்துவிட்டு வாய்க்குள் சிரித்ததை நான் கண்டேன்.

ஆனால் பிள்ளை என்று கூப்பிடவில்லை.

முதல் நத்தார் வந்தபோது எனக்கு வீட்டு ஞாபகம் தாங்கமுடியவில்லை. கோயில் மணி, புதுச் சட்டை, பாலன் குடில். அந்த வருஷம் கொழும்புத்துறைக்குப் போய்வர வழி இல்லை. பட்டணப் பக்கம் பீரங்கிச் செல் விழுந்துகொண்டிருந்தது. மாடு கட்டுகிற நேரத்துக்குப் பிறகு, பொழுதுபட்டு வானம் மங்கிவர, ஒருவருக்கும் சொல்லாமல் போய்க் கொட்டிலுக்குள் வைக்கோலில் இருந்தேன். மாடு படுத்திருந்தது. அதன் வயிறு ஏறி இறங்கியது. சூடான மூச்சு என் கையில் பட்டது. கண்ணை மூடினால் எங்கள் கோயிலின் குடிலுக்குள் நானே இருப்பது மாதிரி இருந்தது. ஒற்றைக் கொம்பு மாடும், பாலனும், வெளியே எட்டிப்பார்க்கிற சின்னப் பெட்டையாக நானும். அலையின் சத்தம்கூடக் கேட்டது. கொக்குவிலில் ஏது அலை? வைக்கோல்தான் சரசரத்திருக்கும். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது குசினி வாசலில் மாமி நின்றார். என்னைக் கண்டதும் உள்ளே போனார்.

அடுத்தநாள் பின்னேரம் மாட்டிடம் சொன்னார்:

"மாடு, உன்ரை கொட்டிலிலை ஒரு விளக்குக் கொளுத்தினால் உனக்குப் பயமில்லைத்தானே? வைக்கோலுக்குத் தூரமாய் வைக்கச் சொல்லு. எண்ணெய் பானையடியிலை கிடக்குது."

மண்ணெண்ணெய் கண்ணிலே காணமுடியாத காலம். பானையடியில் இருந்தது சாமி விளக்குக்கென்று மாமி ஒளித்து வைத்திருந்த தேங்காயெண்ணெய். நான் சிரட்டையில் திரி போட்டுக் கொளுத்தி வைத்தேன். மாட்டின் கண்ணில் அந்தச் சுடர் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருந்த ஒவ்வொரு நத்தாருக்கும் சாமி விளக்கின் எண்ணெய் கொட்டிலுக்கு வந்தது. மாமி தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் எல்லாம் இனிப்பாக இருந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. எனக்கு அப்பாவின் கோபம் அப்படியே வந்திருக்கிறது. ஒரு மாரிகாலத்தில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் மடங்கியது. எழும்ப முடியவில்லை. வாளி உருண்டு போன சத்தத்துக்கு மாமி ஓடிவந்தார். தலைமயிர் அவிழ, சேலை சேற்றில் இழுபட, அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டம். எனக்கு முன்னால் குந்தி இருந்து என் காலை மடியில் தூக்கி வைத்தார். அவருடைய முகம் என் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்தது அதுதான் முதல்தரம். வாய் திறந்தது. இப்போது கூப்பிடப்போகிறார் என்று நோவையும் மறந்து காத்திருந்தேன். வாய் மூடியது. அவர் கொட்டில் பக்கம் திரும்பினார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மாடு, நோகுதோ எண்டு கேளு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "மாட்டுக்கு என்ன தெரியும்? என்னைப் பாத்துக் கேளுங்கோ மாமி! நான் உங்களுக்கு முன்னாலைதானே கிடக்கிறன்!" என்று கத்திவிட்டேன். அயல் வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப்பார்த்தன. மாமி காலை விடவில்லை. நல்லெண்ணெய் பூசி உருவினார், மஞ்சள் வைத்துக் கட்டினார், சுவரோடு சாய்த்து இருத்தினார். பிறகு எழும்பிக் குசினிக்குள் போனார். அன்றிரவு கணவர் வந்து, "அம்மா வைரவருக்குப் பயப்பிடுறது தனக்காக இல்லை. சத்தியம் தவறினால் அந்தத் தோசம் எங்கள் இரண்டு பேரிலையும் விழும் எண்டுதான்" என்றார். எங்களுக்கு அப்போது பிள்ளைகள் இல்லை. அதையும் நினைத்துத்தான் பயந்திருப்பார். விளங்கியது. விளங்கினால் மட்டும் மனம் ஆறிவிடுமா? நான் கன நாள் மாட்டிடமும் கதைக்காமல் இருந்தேன். பாவம், அது காதை என் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏமாந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஒருநாள் ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் ஒழுங்கைக்கு ஒழுங்கை போனது. இராணுவம் வருகிறது, உடனே ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும், ஒருவரும் நிற்கக்கூடாது. மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டார் வள்ளத்தில் ஏறிக் கடலேரிக்கு அப்பால் போய்விட்டதாகத் தம்பி ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தான். நாங்கள் சைக்கிளில் அரிசியும் பாயும் சட்டியும் கட்டினோம். மாமி மாட்டைத்தான் அவிழ்த்தார்.

அதையும் கூட்டிக்கொண்டுதான் படலையைத் தாண்டினோம். ஆனால் ஒழுங்கை வாயில் பெருந்தெருவைக் கண்டதும் மாடு நின்றுவிட்டது. தெரு முழுக்கச் சனம். சைக்கிள்கள், தள்ளுவண்டிகள், குடைகள், தலையில் பெட்டிகள், அழுகிற பிள்ளைகள். யாரும் சத்தம் போடாமல், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, மழைக்குள் ஒரே பக்கமாக மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நகர்வுக்கு ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை. நான் அதைக் கனவு என்றே நினைத்தேன், கொஞ்சத்தில் விழித்துவிடுவேன் என்று நினைத்தேன். மாடு கால்களை ஊன்றிக்கொண்டு பின்னால் இழுத்தது. கணவர் இழுத்துப் பார்த்தார், நான் தள்ளிப் பார்த்தேன். அது வயதுபோன மாடு, பாலும் வற்றிவிட்டது, கடைசிக் கன்றையும் எப்போதோ அயலுக்குக் கொடுத்தாயிற்று. "விடுங்கோ" என்றார் மாமி. திருப்பிக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

தொட்டி நிறையத் தண்ணீர் விட்டோம். வைக்கோற் போரை இழுத்துச் சரித்து விட்டோம். மாமி கழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார்; நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை. கத்தி எடுத்து அறுத்தார். கயிறு கிடந்தால் எங்கேயாவது சிக்கி நின்று பட்டினி கிடக்கும். பிறகு அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கதைத்தார்.

"செல் சத்தம் கேட்டால் வாழைக்குள்ளை போய்ப் படு. தோட்டக் கிணத்தடிக்குப் போகாதை, அங்கை கட்டு இல்லை. ஆரும் கூப்பிட்டால் போ. ஆரெண்டாலும் பரவாயில்லை மோனை. தண்ணி வைக்கிற கையாய் இருந்தாக் காணும்."

நான் பழக்கத்தில் எனக்குரிய சொல் எது என்று தேடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. அந்தக் கதை முழுக்க மாட்டுக்கு மட்டுமே. மாமி, நான், மாடு, எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அங்கிருந்து நகர அவசரம் இருக்கவில்லை. அது தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு காது மாமியின் பக்கம், ஒரு காது என் பக்கம். நாங்கள் படலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு நடந்தோம். ஒழுங்கை முடக்கில் மாமி வைரவரைக் கும்பிட்டார். பூவரசம்பூக்கள் உதிர்ந்து சூலத்தடியில் நனைந்து கிடந்தன.

விடிந்தபோது நாவற்குழிப் பாலத்தில் நின்றோம். கடலேரி சாம்பல் நிறமாகத் தெரிந்தது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. என் ஊரின் மணம். அந்தப் பாலத்தில் இடுக்குப்பட்டுக்கொண்டு நின்றபடியே நான் கொஞ்சம் நித்திரையாகிப் போனேன். சாய்ந்திருந்தது யாருடைய தோளில் என்று விழித்த பிறகுதான் தெரிந்தது. மாமி அசையாமல் நின்றார். நான் தலையை எடுத்ததும் தோளைத் தடவிவிட்டு நடந்தார்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. பிள்ளைகள் இருந்து படிக்கிற இரண்டு வாங்குகளுக்கு நடுவே சேலை கட்டி மறைத்தோம். அங்கேதான் நான் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. மாமிக்கும் எனக்கும் நடுவே இப்போது யாரும் இல்லை. முதல்நாள் மாமி உலை வைத்துவிட்டுச் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்து, "சைக்கிள், அந்த அகப்பையை..." என்று தொடங்கினார். நிறுத்திவிட்டார். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. சைக்கிளுக்குக் காது இல்லை. சொன்னது அப்படியே தரையில் விழுந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவர் முயற்சிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னைய ஊமைக் காலத்துக்குள் நாங்கள் திரும்பிப் போனோம். இந்தமுறை அது இன்னும் மோசமாக இருந்தது. அப்போது அவர் எனக்கு அந்நியம். இப்போது அவருக்கு எந்தப் பக்கத்து முழங்கால் உளைகிறது என்றும் எனக்குத் தெரியும், சொல்லத்தான் வழி இல்லை. வீட்டை நினைத்து அழுதவர்களுக்கு நடுவில் நான் மாட்டை நினைத்து அழுதேன்.

மழையில் நனைந்தது எனக்குக் காய்ச்சலாக வந்தது. கணவர் அரிசி கொடுக்கிற இடத்துக்கு விடியவே போயிருந்தார். நான் யன்னலடியில் பாயில் கிடந்தேன். காய்ச்சலில் எல்லாம் மிதந்தது. கூரை மிதந்தது, சேலை மறைப்பு மிதந்தது, ஆட்களின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. மாமி பக்கத்தில் இருந்தார். நெற்றியில் ஈரத்துணி போட்டார். என்னையே பார்த்துக்கொண்டு கன நேரம் இருந்தார். பிறகு எழும்பி வெளியே போனார்.

பள்ளிக்கூட வளவில் ஒரு மாமரம். அதில் இடம்பெயர்ந்து வந்த யாரோ கட்டியிருந்த ஒரு கறுப்பு மாடு நின்றது. மாமி மழைத் தூறலுக்குள் அதற்கு முன்னால் போய் நிற்பது யன்னலால் தெரிந்தது. ஏன் போனார் என்று எனக்குத் தெரியும். தலையை உயர்த்திக் கேட்க முயன்றேன். மாமி அதன் நெற்றியில் கையை வைத்தார். அது முகத்தைத் திருப்பியது. அவரை அதற்குத் தெரியாது, எங்கள் வீட்டு நியாயமும் தெரியாது. மாமி வாயைத் திறந்தபடி நின்றார். ஒரு சொல்லும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். நனைந்த தலையோடு, அடுப்படியிலிருந்து கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு என் தலைமாட்டில் வந்து இருந்தார்.

"பிள்ளை."

அந்த மண்டபம் நிறையப் பெட்டைகள். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

"உன்னைத்தான். வைரவரை அங்கை முடக்கிலை விட்டிட்டெல்லோ வந்தனாங்கள். இஞ்சை கதைச்சால் அவருக்குக் கேளாது. எழும்பி இந்தக் கஞ்சியைக் குடி பிள்ளை."

சொல்லிவிட்டு அவர் கூரையைப் பார்த்தார். கேட்டிருந்தாலும் கேட்டிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.  ஆனால் கோப்பை நீட்டிய கையை இழுக்கவில்லை.

 எத்தனை வருஷமாக இந்தச் சொல்லுக்குக் காத்திருந்தேன், வந்தபோது எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. மாடு, மாமியிட்டைச் சொல்லு என்று தொடங்கத்தான் என் வாய் திறந்தது. கண் யன்னல் பக்கம் போனது. மாமரத்தின் கீழே அந்தக் கறுப்பு மாடு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நின்றது.

மாமி என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"நோகுதோ?" என்று கேட்டார், என்னைப் பார்த்து.

"ஓம் மாமி" என்றேன். "நோகுது."